பழைய ஸ்டீல் கிட்டார்: பத்து நிமிடத்தில் ஒலி மெலிந்துவிடுகிறது, எங்கிருந்து தேடுவது?

மடிக்கம்பி

வணக்கம். சித்தப்பா வாசித்த ஆறு கம்பி ஸ்டீல் கிட்டார் இப்போது என்னிடம் வந்திருக்கிறது. மடியில் வைத்து வாசிக்கும் வகை. மரக்கட்டைமேல் முத்துச்சிப்பி போல மினுங்கும் செல்லுலாய்டு போர்வை, ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். இருபது வருடமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஆம்பில் மாட்டியதும் அருமையாகப் பாடுகிறது. பத்து நிமிடம் போனதும் திடீரென்று அடிக்குரல் காணாமல் போகிறது. ஒலி முழுக்க நிற்பதில்லை. பழைய தொலைபேசியில் கேட்பது போல மெலிந்து, கீச்சென்று வருகிறது. உள்ளங்கையைப் பிக்கப் மூடிமேல் அழுத்தினால் சில சமயம் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே பழைய குரல் திரும்பிவிடுகிறது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரப்பு. கம்பியைத் தொடாமல் இருந்தால் ஒரு ரீங்காரம், தொட்டால் அடங்குகிறது.

கேபிள் மாற்றிப் பார்த்தேன், பலன் இல்லை. பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். "உள்ளே இருப்பது எல்லாம் பழசு, மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் புதுசு போட்டுவிடலாம்" என்றார். மனம் வரவில்லை. சித்தப்பாவின் கிட்டார் இந்தக் குரலில்தான் என் காதில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

ஓம்கணக்கு

நல்ல வேளை, திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். இந்தக் கிட்டாருக்குள் இருப்பது மொத்தமே நாலைந்து பொருள்தான். சுருள், இரண்டு கன்ட்ரோல் (குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் தடை), ஒரு கெப்பாசிட்டர், ஒரு ஜாக், நடுவில் கொஞ்சம் ஒயர். எது கெட்டது என்று தெரியாமல் ஐந்தையும் மாற்றுவது வைத்தியம் ஆகாது.

முதலில் ஒன்று: ரீங்காரம் கம்பியைத் தொட்டதும் அடங்குகிறது என்றால் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறது. நம் உடம்பு சுற்றியிருக்கும் மின் இரைச்சலைப் பிடித்துப் பிக்கப்புக்குக் கொடுக்கிறது. கம்பி வழியாக உடம்பும் எர்த்தோடு சேர்ந்ததும் அது குறைகிறது. தொட்டால் இரைச்சல் ஏறுகிறது என்று எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

ஒரு திருகைக் கூடக் கழற்ற வேண்டாம். கிட்டாரில் கேபிளை மாட்டுங்கள். கேபிளின் மறுமுனையை ஆம்பில் மாட்டாமல், பிளக்கின் நுனியிலும் அதன் உலோகத் தண்டிலும் மல்டிமீட்டரின் இரண்டு முள்ளையும் வையுங்கள். ஓம் அளவில், 20 கிலோ வரம்பில் வைத்து, இரண்டு குமிழையும் முழுக்கத் திறந்து படியுங்கள். அப்புறம் டோனை மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்து படியுங்கள். டோனைத் திரும்ப முழுசாக வைத்து, வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். கடைசியாக, மீட்டர் மாட்டியிருக்கும்போதே பிக்கப் மூடியை அங்கங்கே அழுத்திப் பாருங்கள். எண்களை அப்படியே இங்கே போடுங்கள்.

வால்வுவிளக்கு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இதைக் கேட்காமல் விட முடியாது. ஆம்ப் எது? கிட்டாரோடு வந்த பழைய வால்வு ஆம்பா?

ஸ்டீல் கிட்டார் வாசிப்பவரின் இடக்கையில் இரும்புக் கட்டை, வலக்கை விரல்களில் உலோக நகங்கள். இரண்டும் கம்பிமேல், கம்பி எர்த்தில், எர்த் ஆம்பின் உலோகச் சட்டமான சேஸிஸில். பழைய இரண்டு பின் பிளக் ஆம்புகளில் மின்கம்பிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சேஸிஸுக்கு மின்சாரம் வந்துவிடும். சில சின்ன ஆம்புகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, மெயின் கம்பியில் ஒன்று சேஸிஸ் பக்கமே கட்டியிருக்கும். அதில் மாட்டிக்கொண்டு இன்னொரு கையால் மைக்கைத் தொட்டால், மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கும். கிட்டாரைச் சோதிக்கும் முன் ஆம்பைச் சோதியுங்கள்.

மடிக்கம்பி

கேட்டதற்கு நன்றி ஐயா. சித்தப்பாவின் ஆம்ப் இல்லை. என்னுடையது புதிய ஆம்ப், மூன்று பின் பிளக், சுவர் பிளக்கில் எர்த் இருப்பதையும் டெஸ்ட் செய்தாகிவிட்டது.

ஓம்கணக்கு அண்ணா, எண்கள் இதோ:

இரண்டும் முழுக்கத் திறந்து 7.13 கிலோ ஓம். டோன் பூஜ்யத்தில் 6.79. வால்யூம் பூஜ்யத்தில் கிட்டத்தட்ட 0.

மூடியின் வால்பக்க மூலையை அழுத்தினேன். மீட்டர் வரம்பு தாண்டியது என்று காட்டியது! 200 கிலோ வரம்புக்கு மாற்றிப் பார்த்தால் 146. கையை எடுத்து லேசாகத் தட்டினேன், திரும்ப 7.13. மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் அதே கதை. 146 என்று நிற்கும்போது டோனைப் பூஜ்யமாக்கினால் 71 ஆகிறது.

பெடல்கால்

டோனைத் திருப்பினால் ஓம் மாறுகிறதா? அப்படியானால் கெப்பாசிட்டர்தான் குற்றவாளி. கெப்பாசிட்டர் நேர் மின்சாரத்தை விடவே கூடாது. மெழுகு பூசிய பழைய காகிதக் கெப்பாசிட்டராக இருக்கும், ஈரம் குடித்திருக்கும். அதை மாற்றினால் வேலை முடிந்தது.

ஓம்கணக்கு

கெப்பாசிட்டர் கசிகிறது என்பதில் பெடல்கால் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கேட்ட நோய்க்கு அது காரணம் ஆகாது. ஏன் என்று இந்த நாலு எண்ணை வைத்தே பார்த்துவிடலாம்.

வால்யூம் கன்ட்ரோல் 250 கிலோ, டோனும் 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த வகையில் அதுதான் வழக்கம். நல்ல கெப்பாசிட்டர் என்றால், ஜாக்கில் தெரிவது சுருளும் வால்யூமும் இணையாக நிற்கும் தடை மட்டும். சுருள் 7.5 என்றால் இணையாக 7.28 வரும். டோனை எங்கே வைத்தாலும் அது அசையக் கூடாது. உங்களுக்கு 7.13-இலிருந்து 6.79-க்கு இறங்குகிறது. கணக்குப் போட்டால் கெப்பாசிட்டர் 100 கிலோ அளவுக்குக் கசிகிறது.

இப்போது 146-க்கு வாருங்கள். சுருளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது வால்யூமின் 250, அதற்கு இணையாக டோனின் 250-உம் கசிவின் 100-உம் சேர்ந்த 350. இரண்டும் இணைந்தால் 146. டோன் பூஜ்யத்தில் 250-க்கு இணையாக 100 மட்டும். 71. நீங்கள் படித்த அதே எண்கள்.

அதாவது மூடியை அழுத்தும் நொடியில் சுருள் சுற்றிலேயே இல்லை. எங்கோ அறுந்து, தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

"அறுந்த சுருள் எப்படிப் பாடும்?" என்று கேட்பீர்கள். பாடும், அதுதான் பலரை ஏமாற்றுவது. ஆயிரக்கணக்கான சுற்று ஒன்றை ஒன்று ஒட்டிக் கிடக்கிறது. அறுந்த இடத்தைத் தாண்டி உச்சக் குரல் மட்டும் கெப்பாசிட்டரைத் தாண்டுவது போலத் தாண்டிவிடும், அடிக்குரல் தாண்டாது. தொலைபேசிக் குரல் என்று நீங்கள் எழுதியது அதற்குக் கச்சிதமான வர்ணனை. கசியும் கெப்பாசிட்டர் அடிக்குரலை மட்டும் தேர்ந்தெடுத்து விழுங்காது. டோனைக் குறைத்து வாசித்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

பெடல்கால்

ஒப்புக்கொள்கிறேன். 146-ஐ நான் கவனிக்கவே இல்லை.

என் அனுபவம் பெடல் ஸ்டீலில், அதாவது காலால் மிதிக்கும் பெடல்கள் வைத்த ஸ்டீல் கிட்டாரில். அங்கே ஒலி விட்டு விட்டு வந்தால் நான் முதலில் கை வைப்பது வால்யூம் பெடல்மேல். கால் ஒரு பாட்டுக்கு நூறு தடவை ஏறி இறங்கும், உள்ளே இருக்கும் கன்ட்ரோலின் கரிப்பாதை தேய்ந்துவிடும். நிறையப் பெடல்களில் அதை ஒரு நூல்தான் இழுக்கிறது, அதுவும் தளரும். கிட்டாரை நேராக ஆம்பில் மாட்டிப் பார்க்காமல் கிட்டாரைத் திறந்து நாள் முழுக்கத் தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மடிக்கம்பி பெடல் இல்லாமல் சோதித்ததால் அந்த வழி அடைபட்டது, நல்லது.

குதிரைலாடம்

இழையில் ஒரு துணைக் கேள்வி. என்னுடையது கம்பிகளுக்கு மேலேயும் கீழேயும் குதிரைலாடக் காந்தம் வளைந்து நிற்கும் பழைய பிக்கப். ஓம் 2 கிலோ பக்கம்தான் காட்டுகிறது. நீங்கள் எல்லாரும் 7, 8 என்று பேசுகிறீர்கள். பாதிச் சுருள் ஷார்ட் ஆகிவிட்டதா?

ஓம்கணக்கு

பயப்பட வேண்டாம். 1930-களின் அந்தக் குதிரைலாடப் பிக்கப்புகளில் தடித்த கம்பி சுற்றியிருப்பார்கள். 2 கிலோ அங்கே ஆரோக்கியமான எண். ரிக்கன்பேக்கரின் அலுமினியக் கிட்டார், எல்லாரும் செல்லமாக 'வாணலி' என்று அழைப்பது, அந்தப் பிக்கப்போடுதான் 1932-இல் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் பீச்சாம் அதற்கு வாங்கிய காப்புரிமை 1937-ஆம் ஆண்டு. இன்றைய மின் கிட்டார்களின் வம்சமே அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஒரு வேண்டுகோள்: அந்தக் காந்தங்களைக் காரணமில்லாமல் கழற்றாதீர்கள். கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், இரண்டு முனையையும் இணைக்க ஒரு இரும்புத் துண்டை உடனே ஒட்டி வையுங்கள். அந்தக் காலத்து எஃகுக் காந்தம் தனியாகக் கிடந்தால் வலு இழக்கும்.

ஓம் எண்ணை மட்டும் வைத்துப் பிக்கப்பை எடை போட முடியாது. சில சுற்றுகள் தங்களுக்குள் ஷார்ட் ஆனால் ஓம் இம்மிதான் குறையும், ஒலி மட்டும் மழுங்கிப் போகும். அதை ஹென்றி, அதாவது சுருளின் தூண்டல், அளக்கும் மீட்டரில்தான் பிடிக்க முடியும்.

மடிக்கம்பி, இனி திறக்கலாம். கம்பிகளை எல்லாம் தளர்த்திவிட்டுத் திறங்கள். சுருளில் விரல் படக் கூடாது. இணைப்புகளைப் படம் எடுத்த பிறகுதான் எதையும் அசைக்க வேண்டும்.

மடிக்கம்பி

திறந்துவிட்டேன். பார்த்ததை எழுதுகிறேன்.

கீழ்த் தகட்டைத் தூக்கியதும் ஒரு புளித்த, கற்பூரம் கலந்த வாசனை. ஒயர்களின் ரப்பர் உறை விரல் பட்டதும் கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்பு கறுத்திருக்கிறது. கெப்பாசிட்டர் விரல் பருமன் உருளை, மெழுகு கசிந்து அதன்மேல் தூசு படிந்திருக்கிறது. அதில் .05 என்று தெரிகிறது. வால்யூம் கன்ட்ரோலின் முதுகில் 304531 என்று அச்சு.

பிக்கப் சுருளைச் சுற்றிக் கறுப்புத் துணி நாடா. வால்பக்க மூலையில், தடித்த ஒயர் இரண்டும் சுருளுக்குள் நுழையும் இடத்தில் நாடா லேசாகத் தூக்கியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு ஒயரின் ஈயப் பொட்டு பளபளப்பாக இருக்கிறது. இன்னொன்றின்மேல் கடுகு அளவில் பச்சை. பல்குத்தும் குச்சியால் தொட்டேன், பச்சை உதிர்ந்தது. மெல்லிய கம்பி அதன் நடுவிலிருந்து மயிரிழை போல எழுந்து, ஈயத்தைத் தொடாமல் தொட்டுக்கொண்டு நிற்கிறது. பென்சில் முனையால் அசைத்தால் மீட்டர் 7.13, 146, 7.13 என்று தாவுகிறது.

ஓம்கணக்கு

கண்டுபிடித்துவிட்டீர்கள். அந்தப் பச்சை, செம்பில் ஏறும் களிம்புதான். பொட்டு வைத்தவர் அமிலம் கலந்த ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) போட்டுத் துடைக்காமல் விட்டிருந்தால் இப்படி அரிக்கும். அந்தக் கற்பூர வாசனையையும் கவனியுங்கள், அது செல்லுலாய்டு. அது முதுமையில் சிதையும்போது அமில ஆவியை விடும். மூடிய பெட்டிக்குள் இருபது வருடம் அந்த ஆவி செம்பைச் சுற்றியே நின்றிருக்கிறது. இனிமேல் அடிக்கடி பெட்டியைத் திறந்து காற்றாட விடுங்கள்.

பத்து நிமிடக் கதையும் இப்போது விளங்குகிறது. உள்ளங்கையின் சூட்டிலும் அழுத்தத்திலும் தகடு கொஞ்சம் நகர்ந்தால் போதும், அந்த மயிரிழை விலகிவிடும்.

அறுந்தது சுருளின் வெளி முனையா, உள் முனையா? அதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளி முனை என்றால் அரைச் சுற்றைப் பிரித்து எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கலாம். உள் முனை அடியிலேயே அறுந்திருந்தால் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

வால்வுவிளக்கு

304531-ஐப் படித்துச் சொல்கிறேன். 304 ஸ்டாக்போல் நிறுவனத்தின் குறியீடு. அடுத்த 5 ஆண்டின் கடைசி இலக்கம், 31 என்பது வாரம். 1945 அல்லது 1955-இன் 31-ஆவது வாரம். பழைய ஈயம் கலைக்கப்படாமல் இருந்தால் கிட்டார் அந்த வாரத்துக்கு முன் பிறந்திருக்க முடியாது. அதனால்தான் கன்ட்ரோலைத் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன், அது கிட்டாரின் பிறப்புச் சான்று. கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனரை உள்ளே ஒரு துளி விட்டு, குமிழை முப்பது தடவை முழுக்கத் திருப்புங்கள். துரு நீக்கும் எண்ணெய் எதையும் அடிக்காதீர்கள், அது பிசுக்காகத் தங்கித் தூசியை இழுக்கும்.

மடிக்கம்பி

வெளி முனைதான்! நாடாவுக்கு நேர் கீழே இருக்கிறது. ஆனால் கை நடுங்குகிறது. எப்படிப் பற்றவைப்பது?

ஓம்கணக்கு

இன்று இரவு வேண்டாம். நல்ல வெளிச்சத்தில், மின்விசிறி ஓடாத இடத்தில் உட்காருங்கள்.

அந்தக் கம்பி அநேகமாக 42-ஆம் கேஜ், விட்டம் 0.06 மில்லிமீட்டர் சொச்சம். தலைமுடி அளவு. இழுக்கக் கூடாது. வழிநடத்தத்தான் வேண்டும். இடுக்கியை விட, நுனியில் துளி மெழுகு ஒட்டிய பல்குத்தும் குச்சி நல்லது. அரைச் சுற்றுப் பிரியுங்கள், பளிச்சென்ற செம்பு நிறம் வரும் வரை.

அடுத்ததுதான் எல்லாரும் சறுக்கும் இடம். இன்றைய கம்பிகள் பலவற்றின் எனாமல் பூச்சு சால்டரிங் அயர்ன் சூட்டிலேயே உருகி வழிவிடும். பழைய எனாமல் அப்படி விடாது, ஈயம் மேலே உருண்டு நிற்கும், ஒட்டியது போலத் தெரியும், உள்ளே தொடர்பு இருக்காது. மிக நைசான உப்புத்தாளை மடித்து, நடுவில் கம்பியை வைத்து, எடையே இல்லாமல் இரண்டு மூன்று தடவை உருவுங்கள். கடைசி 5 மில்லிமீட்டர் போதும்.

தடித்த ஒயரின் முனையைப் புதிதாக வெட்டி, முதலில் அதற்கு மட்டும் ஈயம் ஏற்றுங்கள். ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும்தான், அமிலம் அறவே கூடாது. மெல்லிய கம்பியை அதன்மேல் நாலு சுற்றுத் தளர்வாகச் சுற்றி, அயர்னைத் தடித்த ஒயரில் வைத்து, ஒரு நொடி. ஆறியதும் மீட்டர் பாருங்கள். சரியாக இருந்தால், தடித்த ஒயரை நாடாவால் சுருளோடு கட்டிவிடுங்கள். யாராவது அதை இழுத்தாலும் இழுவை நாடாவோடு நிற்க வேண்டும், பொட்டுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்தில் அந்தக் கட்டு சரியாக இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ரப்பர் உதிரும் ஒயர்களை மாற்றியே தீர வேண்டும். துணி உறை போட்ட ஒயர் போடுங்கள், தோற்றமும் கெடாது.

பெடல்கால்

கெப்பாசிட்டர்?

ஓம்கணக்கு

மாற்றலாம் என்பதே என் கருத்து. கசிவு 100 கிலோ என்பது அதிகம், டோன் குமிழின் வேலையைக் கெடுக்கும். இன்று .047 மைக்ரோஃபாரட் என்று விற்பது பழைய .05-இன் இடத்தில் அப்படியே உட்காரும். ஆனால் பழசு என்ற ஒரே காரணத்துக்காகக் காகிதக் கெப்பாசிட்டரை மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். வால்வு ஆம்பில் அதன்மேல் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், கசிந்தால் வால்வு கெடும். கிட்டாருக்குள் நேர் மின்சாரமே கிடையாது. இங்கே அதன் ஒரு காலை, அதாவது ஒரு முனைக் கம்பியை, கழற்றி அளந்து, கசிந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

வால்வுவிளக்கு

நான் இதில் மாறுபடுகிறேன். லேசான கசிவு என்றால் விட்டுவிடலாம், அந்தக் குரலும் கிட்டாரின் ஒரு பகுதி. 100 கிலோ என்பதால் இந்தத் தடவை உங்கள் பக்கம். பழையதை ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள் தம்பி.

மடிக்கம்பி

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

முதல் தடவை ஈயம் உருண்டு நின்றது, நீங்கள் சொன்ன அதே மாதிரி. உப்புத்தாளை இன்னும் ஒரு தடவை உருவினேன். இரண்டாம் தடவை ஈயம் கம்பிமேல் ஏறி வழிந்து பளிச்சென்று உட்கார்ந்தது. சுருளைத் தனியாக அளந்தேன், 7.5. மூடியை அழுத்தினேன், தட்டினேன், கிட்டாரைக் கவிழ்த்தேன். அசையவில்லை.

ஒயர் மாற்றியாகிவிட்டது. கெப்பாசிட்டரை ஒரு கால் கழற்றி அளந்தேன், 100 கிலோவுக்கு ஒட்டித்தான் இருந்தது. புதிது போட்டேன். பழையது உறையில், தேதி எழுதி. இப்போது டோனை எங்கே திருப்பினாலும் ஜாக்கில் 7.28. கரகரப்பு கிளீனரில் அடங்கிவிட்டது. ஜாக்கின் வளைந்த நாக்கு தளர்ந்திருந்தது, லேசாக உள்ளே வளைத்து, கெட்டி அட்டையால் தேய்த்துத் துடைத்தேன்.

ஒரே ஒரு சந்தேகம். மறுநாள் காலையில் சுருள் 7.42, மதியம் 7.61. திரும்பவும் கெடுகிறதா?

ஓம்கணக்கு

இல்லவே இல்லை. செம்பின் தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் ஏறும். காலைக்கும் மதியத்துக்கும் ஆறேழு டிகிரி வித்தியாசம் இருந்திருக்கும், அவ்வளவுதான். மெதுவாக ஏறி இறங்குவது வெயில். தாவினால்தான் பழுது.

தொடாமல் இருக்கும்போது வரும் ரீங்காரம் கொஞ்சம் இருக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது. விளக்கின் டிம்மரை அணைத்துவிட்டு, கிட்டாரோடு உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள், ஒரு திசையில் நன்றாகக் குறையும்.

மடிக்கம்பி

குறைந்தது, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால்.

நேற்று இரவு சி6 சுருதி வைத்து ஒரு மணி நேரம் வாசித்தேன். பத்தாவது நிமிடத்தில் என்னை அறியாமல் கை நின்றுவிட்டது, காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அடிக்கம்பியைத் தட்டிவிட்டு இரும்புக் கட்டையைப் பன்னிரண்டாவது கோட்டிலிருந்து மெதுவாகக் கீழே இழுத்தேன். கடைசி வரை குரல் கனமாகவே வந்தது. அடுத்த அறையிலிருந்து சித்தி எழுந்து வந்து வாசலில் நின்று, "அந்த ஒன்றை இன்னொரு தடவை இழு" என்றார்கள்.